பிரிட்ஜ் கதவில் நாலு கனடாக்காரர்கள்

பிள்ளைங்களா,

நம் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைக்கார அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் யார், ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டீர்கள். நானும் "சும்மாதான்" என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். உங்கள் அப்பாவான நான் பள்ளியில் படித்தது மூன்றாம் படிவம் வரைக்கும்தான். வாயால் சொல்லப் போனால் நடுவில் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

கனடாவில் இருக்கும் உங்கள் அத்தைக்கு, என் ஒரே தங்கைக்கு, ஓர் ஓட்டு கிடைத்தது. நாட்டுத் தேர்தல் ஓட்டு இல்லை. அதற்கு அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். இது ஒரு கட்சி தனக்குத் தலைவரைப் பிடிக்கிற ஓட்டு. கட்சியில் உறுப்பினராக இருந்தால் போதுமாம். அத்தை வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில் கூட நிற்கும் ஒரு பெண் அவளையும் சேர்த்துவிட்டிருந்தாள். போட்டியில் நாலு பேர். சீட்டில் ஒருவருக்கு மட்டும் குறி போடுவது இல்லை. யார் ஒன்று, யார் இரண்டு என்று வரிசையாக எண் போட வேண்டும். எண்ணும்போது கடைசியில் இருப்பவரைக் கழித்துவிட்டு, அவருக்கு ஒன்று போட்டவர்களின் சீட்டை அவர்கள் இரண்டு போட்ட ஆளிடம் சேர்ப்பார்களாம். இதை அவள் எனக்கு மூன்று தடவை விளக்கினாள். மூன்று தடவையும் "புரியுது, புரியுது" என்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, யாருக்கு ஒண்ணு போடறது? நீயே சொல்லு."

"யாரு ஜெயிப்பா?"

"அதாண்ணே தெரியல. எனக்கு அந்த நர்ஸம்மாவப் புடிச்சிருக்கு. முன்னாடி நர்ஸா இருந்தவங்க. பனியில எங்க பேக்டரி கேட்டுக்கு வந்து நின்னாங்க. மத்தவங்க மாதிரி நோட்டீஸ் குடுக்கல. 'நாள் பூரா சிமெண்டுத் தரையில நிக்கிறீங்களே, காலு எப்படி இருக்கு'ன்னு கேட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"அவங்க ஜெயிக்க மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. சொந்தத் தொகுதியிலயே ஒரு தடவ தோத்துட்டாங்களாம். இங்க தலைவராவணும்னா பிரெஞ்சும் பேசணும். அவங்க பிரெஞ்சு, நம்ம அம்மா மலாய் பேசற மாதிரி இருக்கும்."

உங்கள் பாட்டி கடைசி வரைக்கும் மலாய்க்காரக் கடையில் கையைக் காட்டித்தான் மீன் வாங்கினார். எனக்கு நிலைமை விளங்கிவிட்டது.

"நீ ஒண்ணும் போட்டுடாத. அண்ணன் விசாரிச்சுச் சொல்றேன்," என்றேன்.

இங்கே ஜொகூரில், தெப்ராவில் கிடங்குச் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன் கனடா அரசியலை எங்கே போய் விசாரிப்பான் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. நானும் அத்தையும் படித்த தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒரே அறை. ஒரு வருஷம் வாத்தியாருக்கு என்ன தோன்றியதோ, சட்டாம்பிள்ளையை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றுவிட்டார். அத்தை ஐந்தாம் வகுப்பு. தானாக எழுந்து நின்றாள். எதிரில் நின்றது தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகன். எங்களைப் போல வெறுங்காலோடு வராமல் சப்பாத்து போட்டவன். நான் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தேன். இவள் ஜெயிக்க மாட்டாள், இவளோடு நானும் ஏன் அசிங்கப்பட வேண்டும் என்று கிராணி மகனுக்குக் கையைத் தூக்கினேன். அவளுக்கு மூன்று கைதான் விழுந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு எனக்கு முன்னாலேயே தனியாக நடந்து போனாள்.

தோற்றது அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இத்தனை வருஷமும் எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இந்தத் தடவை அவள் தோற்கிற பக்கம் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

அத்தை அனுப்பிய நாலு படங்களையும் உலு திராமில் ஒரு கடையில் கலரில் பெரிதாக அடித்து வந்தேன். பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து வரிசையாக மாட்டினேன். பெயரெல்லாம் நம் வாயில் நுழையவில்லை. அதனால் தாடை, கண்ணாடி, சின்னப்பையன், நர்ஸம்மா என்று வைத்துக்கொண்டோம். தாடைக்கு அப்படி ஒரு தாடை. காலையில் பசியாற உட்கார்ந்தால் நாலு பேரும் என் ரொட்டியையே பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி கறிவேப்பிலை கேட்டு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். மகளே, இது உனக்குத் தெரியாது.

"அலாமாக்! பொண்ணுக்குப் பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா? சொல்லவே இல்ல!"

உன் அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "ஆமா ஆன்ட்டி. அதுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

ஆன்ட்டி நிஜமாகவே கிட்டப் போய்ப் பார்த்தார். "சின்னப்பையன் லட்சணமா இருக்கான். கண்ணாடிக்கு வயசாயிருச்சு. இந்தத் தாடைக்காரன் பெரிய எடமா இருக்கும், நமக்கு ஒத்து வராது." கொஞ்சம் தயங்கி, "மாமியாக்காரி மூஞ்சி நல்ல மூஞ்சி," என்று நர்ஸம்மாவைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். கறிவேப்பிலையை மறந்துவிட்டார்.

மறுநாள் நாலு பேரையும் தொழிற்சாலைக்குக் கொண்டு போனேன். கூட ஃபோர்க்லிப்ட் ஓட்டும் நண்பர் இருக்கிறாரே, கிறிஸ்மஸுக்கு நமக்குக் கேக் கொண்டுவருபவர், கோயில் பாடகர் குழுவில் பாடுபவர், அவரிடமும், பாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்காரக் கேட் காவலாளியிடமும் காட்டினேன்.

"யாரு ஜெயிப்பா?"

நண்பர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். நர்ஸம்மாவின் பிரெஞ்சு விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார். "மச்சான், அது ஜொகூர்ல மலாய் தெரியாம எலெக்‌ஷன் நிக்கற மாதிரி லா. முடிஞ்சது கதை."

பாக்சிக் தாடையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால், விளக்குக் கம்பத்தில் தேர்தல் போஸ்டராகத் தொங்குவதற்கென்றே பிறந்த முகம்.

அதில்தான் எனக்கு யோசனை வந்தது. நம் ஊரில் தேர்தல் வந்தால் மோட்டாரில் போகும்போதுதானே முகத்தைப் பார்க்கிறோம்? ஒருவன் ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்து மனதில் நின்றால்தான் ஜெயிப்பான். சாப்பாட்டு நேரத்தில் கிடங்கில் நாலு அட்டைப் பெட்டிகளை அடுக்கி, நாலு பேரையும் ஒட்டினோம். நான் ஃபோர்க்லிப்டில் ஏறி அந்தக் கோடியிலிருந்து ஓட்டி வந்தேன். முதல் சுற்றில் தாடை மட்டும் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் தாடையும் கண்ணாடியின் கண்ணாடியும் தெரிந்தன.

மூன்றாம் சுற்றில் சூப்பர்வைசர் தெரிந்தார்.

சீனர், நல்ல மனிதர், ஆனால் ஆடிட்டுக்கு மேலிடத்து ஆள் வருகிறார் என்றால் கிடங்கையே இரண்டு தடவை பெருக்கச் சொல்வார். நாலு வெள்ளைக்காரப் படங்களையும் பார்த்தவர், முதலில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார்.

"எப்ப வர்றாங்க?" என்று மலாயில் கேட்டார்.

"யாரு பாஸ்?"

"இவங்கதான். தலைமை ஆபீஸ் ஆளுங்க. இவன்தானே பெரியவன்?" என்று தாடையைக் காட்டினார்.

நண்பர் என் காதில், "மச்சான், வேற சாட்சி வேணுமா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் சூப்பர்வைசர் திட்டுவார் என்று பார்த்தேன். சட்டையை வெளியே இழுத்துவிட்டு, அட்டைப் பெட்டியை எடுத்த இடத்தில் வையுங்கள் என்று சொல்லிப் போனார். நாலடி போய்த் திரும்பி, "பெரியவன்தான் ஜெயிப்பான்," என்றார்.

அன்றே அத்தைக்குக் கிடங்குச் சோதனையைச் சொல்லித் தீர்ப்பையும் சொன்னேன். நானே மெச்சிக்கொண்ட தீர்ப்பு.

"தாடைக்கு ஒண்ணு போடு. நர்ஸம்மாவுக்கு ரெண்டு போடு. உன் ஓட்டும் வீணாகாது, உன் மனசும் நோகாது."

நான் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "சரிண்ணே. திங்கக்கெழம தபால்ல போடறேன்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்கள் அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பெருமையாக என் தீர்ப்பை எடுத்து விளக்கினேன். எண் போடுகிற முறை, கடைசி ஆளைக் கழிப்பது, சீட்டு இரண்டாவது ஆளுக்குப் போவது எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே நறுக்கினாள்.

"அப்ப நர்ஸுக்கு ஒண்ணு, தாடைக்கு ரெண்டு போட்டா என்ன?"

"அது எப்படி? நர்ஸம்மா தோத்துடுவாங்களே."

"தோத்தா அந்தச் சீட்டு தாடைக்குப் போயிடும். நீங்கதானே இப்பச் சொன்னீங்க? அப்ப என்ன வீணாவுது?"

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அந்த முறையையே அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். மூன்று தடவை "புரியுது" என்று சொன்னது நான்.

அவள் விடவில்லை. "ஊரெல்லாம் யாரு ஜெயிப்பா, யாரு ஜெயிப்பான்னு கேட்டீங்களே, யாரப் புடிச்சிருக்குன்னு ஒரு ஆளையாவது கேட்டீங்களா?"

மறுநாள் கேட்டேன். நண்பர் யோசிக்கவே இல்லை. "புடிச்சதா? நர்ஸம்மாதான் மச்சான். காலு வலிக்குதான்னு இந்தக் கம்பெனியில யாராவது நம்மளக் கேட்டிருக்காங்களா? ஆனா மத்தவங்க போட மாட்டாங்க."

பாக்சிக்கின் மகளும் நர்ஸ். அவரும் நர்ஸம்மாதான் என்றார். ஆனால் மற்றவர்கள் போட மாட்டார்கள் என்றார். சூப்பர்வைசரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. நண்பர் கேட்டு வந்தார். அவரும் அதையேதான் சொன்னாராம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி முதல் நாளே சொல்லிவிட்டார், பாவம், மாமியார் என்று நினைத்து. எல்லாருக்கும் பிடித்த ஒருவரை, மற்றவர்களுக்குப் பிடிக்காது என்று சொல்லி எல்லாருமாகச் சேர்ந்து ஒதுக்கி வைத்திருந்தோம். அந்த மற்றவர்களை நானும் தேடிப் பார்த்தேன். நம் தொழிற்சாலையில் இல்லை.

அன்று வேலை முடிந்ததும் அத்தையைக் கூப்பிட்டேன். அங்கே விடியற்காலை, அவள் வேலைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நேரம்.

"பாப்பா, அந்தச் சீட்ட அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேண்ணே."

"ஐயையோ. நான் சொன்னது தப்பு. நர்ஸம்மாவுக்கு ஒண்ணு, தாடைக்கு ரெண்டுன்னு போட்டிருக்கணும். திரும்ப வாங்க முடியுமா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "நான் அவங்களுக்குத்தான் ஒண்ணு போட்டேன்."

"அப்ப நான் சொன்னப்ப சரின்ன?"

"நீ அவ்வளவு பாடுபட்டு, வண்டியெல்லாம் ஓட்டிக் கண்டுபுடிச்சுச் சொல்ற. எப்படிண்ணே வேணாம்னு சொல்றது?"

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. அந்த நிம்மதியில் வார்த்தை தானாக வந்துவிட்டது. "நீ மறுபடியும் தோத்துடக் கூடாதுன்னுதான் பாப்பா நான்..."

"மறுபடியுமா? எப்பத் தோத்தேன்?"

"ஸ்கூல்ல. கிராணி மகன்கிட்ட."

சிரிப்பு நின்றது.

"தோத்ததா?" என்றாள். "எத்தன பேரு தூக்கினாங்கன்னே எனக்கு ஞாபகம் இல்லண்ணே. சட்டாம்பிள்ளையாகி என்ன கிழிச்சிருக்கப் போறேன்? உன் கைதான் ஞாபகம் இருக்கு."

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

பிள்ளைங்களா, இத்தனை வருஷமாக நான் வேறொரு காயத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளை ஜெயிக்க வைக்க நாலு பேரைப் பெட்டியில் ஒட்டி வண்டி ஓட்டினேன். அவள் கேட்டது அதுவே இல்லை.

முடிவு வந்த அன்று நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். நீங்கள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அத்தையின் குரல் பதிவு வந்தது. பின்னால் ஒரே இரைச்சல். ரொட்டித் தொழிற்சாலைப் பெண்கள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடிப் பார்த்தார்களாம். தாடை ஜெயித்துவிட்டான். கிடங்குச் சோதனை பொய்யாகவில்லை. நர்ஸம்மா கடைசிச் சுற்று வரைக்கும் நின்று தோற்றாராம்.

"தோத்துட்டோம்ணே!" என்று கத்தினாள். சட்டாம்பிள்ளை வேலை கிடைத்தவள் போல இருந்தது அந்தக் குரல்.

நான் பிரிட்ஜ் அருகே போனேன். தாடையை எடுத்தேன். கண்ணாடியை எடுத்தேன். சின்னப்பையனையும் எடுத்து, மூன்று பேரையும் மடித்துப் பழைய பேப்பரோடு வைத்தேன். நர்ஸம்மா மட்டும் நின்றார். உங்கள் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு நேராக நின்று கையைத் தூக்கினேன்.