பின் இறங்காத பயோடேட்டா

அரவேணுவில் அண்ணி நடத்திய ஜெராக்ஸ் கடையில் ஒரு பச்சை ஸ்டேப்ளர் இருந்தது. பத்துத் தாள் வரை எந்தக் காகிதக் கட்டையும் ஒரே அடியில் கடித்துவிடும். அது முதன்முதலாகத் தோற்றது என் பயோடேட்டாவிடம்தான். பதினொரு பக்கம். பின் பாதியிலேயே மடங்கி, காலைப் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது.

தேயிலை விலை விழுந்து, நான் டீமேக்கராக இருந்த ஃபேக்டரியை இழுத்துப் பூட்டியிருந்த நேரம். இருபது வருஷமாகக் கொழுந்தை வாட்டி, அரைத்து, உலர்த்தித் தூளாக்கியவன், வேலை போன ஒரே வாரத்தில் நானே வாடிய கொழுந்தாகக் கிடந்தேன். தேவர்சோலைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுத ஆரம்பித்தேன். மகளின் காலேஜ் படிப்பு அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. ஒரு வரியை விட்டால் அதற்காகவே வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று நடுக்கம். பள்ளிக்கூட வாலிபால், முதலுதவிப் பயிற்சி, ரத்த வகை எல்லாமே ஏறின.

அண்ணி பக்கங்களைப் புரட்டினார். “ஏனுங்க கொழுந்தனாரே, டீத்தூள் ஏலத்துக்கு சாம்பிள் அனுப்பறப்ப ஃபேக்டரியையும் லாரியில ஏத்தி விடுவீங்களா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து ஒரே பக்கமாக வெட்டி நீட்டினேன். அண்ணி அதற்கும் விடவில்லை.

“இது நேத்து காலேஜ் முடிச்ச பையன் எழுதறதுங்க. இருபது வருஷம் எங்க போச்சு?”

வெட்டிப் போட்ட பக்கங்களை மறுபடி கையில் எடுத்தேன்.

“விலை விழுந்தப்ப சுத்துப்பட்டுல ஃபேக்டரிக்காரங்க எல்லாம் சின்ன விவசாயிங்களோட பச்சை இலைய வேண்டாம்னு திருப்பி அனுப்புனாங்களே, உங்க வாசல்ல இருந்து ஒரு மூட்டை திரும்புச்சுங்களா?”

“இல்லீங்க அண்ணி. இலை வாட்டற தொட்டி நிறைஞ்சா தரையில பரப்பினோம். பூட்டற நாள் வரைக்கும் ஒருத்தரையும் திருப்பி அனுப்பல.”

“பதினொரு பக்கத்துல அது எங்கீங்க?”

எங்கும் இல்லை. ரத்த வகை இருந்தது.

“எங்கப்பா தோட்டத்து இலையும் அதுல இருந்துச்சு,” என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். அதையே முதல் வரியாக அடித்தார். பிறகு எந்த மெஷினை ஓட்டினேன், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினேன் என்று கேட்டுக் கேட்டு அடித்ததில் இரண்டாம் பக்கம் முக்காலில் நின்றது. “உங்க அனுபவத்துக்கு இவ்வளவு வேணும். இதுக்கு மேல போனா படிக்கறவங்க டீ குடிக்கப் போயிருவாங்க.” ஸ்டேப்ளர் ஒரே அடியில் கடித்தது.

தேவர்சோலை முதலாளி அந்த முதல் வரியில் விரலை வைத்துத்தான் பேச்சைத் தொடங்கினார். என்னைப் பற்றி நானே கூச்சமில்லாமல் பேசியது அன்றுதான். வேலை கிடைத்தது. நான் சொன்ன பதிலைவிட அண்ணி கேட்ட கேள்வியை நினைத்தால்தான் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

இப்போது அந்தத் தேவர்சோலை ஃபேக்டரியிலேயே நான் மேனேஜர். கடையை மூடியபோது அண்ணி கொடுத்த ஸ்டேப்ளர் என் மேஜையில் இருக்கிறது. விலை மறுபடியும் சரிந்திருக்கிறது. போன வாரம் என் வயதுடைய டீமேக்கர் ஒருவரின் பயோடேட்டா மெயிலில் வந்தது. பிரிண்ட் எடுத்துப் பின் அடித்தேன், மடங்கியது. சிரித்துவிட்டு எல்லாப் பக்கத்திலும் என் முதல் வரியைப் போல ஒன்றைத் தேடினேன், இல்லை. பிறகு போனை எடுத்தேன்.

“ஏனுங்க, ரத்த வகைய அப்புறம் பாத்துக்கலாம். உங்க ஃபேக்டரி தள்ளாடுனப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?”

மறுமுனையில் அவர் பேசத் தொடங்கினார். நான் வளைந்த பின்னை மெல்லப் பிடுங்கிக்கொண்டே கேட்டேன்.