அகலமாகிப்போன சேலை

மருந்துக்கடைக்காரிக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று என் கணவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். நான் கேட்டால்தானே!

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கடை. ஆரணிப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்து அக்கா ஒருவர், இங்கே தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வாராவாரம் வருவார். திரும்பும்போது முதுகுவலிக்கு ஓர் அட்டை மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். அன்று மாத்திரையோடு ஒரு புகாரும் இருந்தது.

"பொதட்டூர்பேட்டைக்காரனுங்க இப்போ சேலைய அகலமா நெய்றானுங்கம்மா. எத கட்டினாலும் தரையில இழுக்குது. ரெண்டு வாட்டி தடுக்கி வுழப் பாத்தேன்."

"பாவாடையும் இழுக்குதாக்கா?"

"ஆமா. தொவச்சி தொவச்சி அதுவும் நீண்டுபூட்ச்சி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தேகமும் வந்தது. எலும்பு தேய்ந்தால் முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கி அமுங்கும். முதுகு வலிக்கும், ஆள் உயரம் குறைவார். இந்த நிலையில் விழுந்தால் இடுப்பு உடைந்து படுக்கைதான். இதைப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இப்படி:

"சேலை அகலமாகலக்கா, நீங்கதான் குள்ளமாயிட்டீங்க. டாக்டரப் பாத்து எலும்பு ஸ்கேன் எடுங்க. அதுவரைக்கும் வலி மாத்திரை கிடையாது."

"நாத்து நட்ட ஒடம்பு இது. என்ன குள்ளச்சின்றியா? உன்னாண்ட ஒரே பேஜாரு" என்றவர் விறுவிறுவென்று எதிர்க்கடைக்குப் போய் மாத்திரை வாங்கினார். நான் பார்க்கிறேனா என்று திரும்பி வேறு பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வயிற்றெரிச்சலோடு.

அடுத்த வாரம் நேராக என்னிடமே வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "ஊட்ல ஆரும் இல்லாதப்போ என் முகூர்த்தப் பொடவைய கட்டிப் பாத்தேன்" என்றார்.

"இழுத்துதா?"

"நாலு வெரக்கட."

"பெட்டிக்குள்ள இருந்துக்கினே அகலமாயிட்ச்சா?" சும்மா இருக்குமா என் நாக்கு?

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எந்த டாக்டருன்னு எழுதிக் குடு" என்றார்.

டாக்டர் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. நல்லவேளை, இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கொடுத்து, வாரம் ஒன்றுதான், விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, அப்புறம் அரைமணி நேரம் படுக்கவே கூடாது என்று பாடம் நடத்தினேன்.

"விடிஞ்சப்புறம் எனுக்கு படுக்க எங்கம்மா நேரம்?" என்றவர், பையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "உன் கடைக்கு எத்தினி வருசமா வரேன்?"

"ஏழு வருஷம்."

"நான் ஒரே நாள்லயா குள்ளமானேன்? அம்மாம் வருசமும் நீ என்னப் பாக்கவே இல்லியா?"

"மாத்திரையத்தான் பாத்துக் குடுத்தேன்க்கா" என்றேன். அவரிடம் நான் குரலைத் தாழ்த்திப் பேசியது அன்றைக்குத்தான்.