வென்ற வீட்டுக்குக் கொண்டுபோன இடியப்பம்

பந்தாட்டத்தில் வென்ற மனிதரின் வீட்டுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஐம்பது இடியப்பத்தோடு துக்கம் விசாரிக்கப் போன ஒரே ஆள் கனடாவின் ஸ்காபரோவில் நானாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் அறியத் தரவும். சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கலாம். இந்த ஊரில் அதற்கும் ஆள் சேரும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கரிபியன் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவைச் சேர்ந்தவர். போனில் வரைபடத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தத் தீவு எள்ளளவுக்கு மேல் வராது. இளமையில் அங்கே ஒரு உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பந்தடித்தவர். நாங்கள் குடிவந்த புதிதில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நீ எந்த ஐலண்ட்?" என்று கேட்டார். அவர் பேசுவது ஆங்கிலம்தான். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

"சிறிலங்கா. அதுவும் ஐலண்ட்தானே" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி சிரித்தாள். அவள் பிறந்தது புங்குடுதீவில். நான் யாழ்ப்பாணப் பட்டணம். "எங்கட கலியாணம் பேசேக்கை உங்கட ஆக்கள் 'தீவாரோ' எண்டு முகத்தைச் சுழிச்சவை. இப்ப நீங்களும் தீவாரோ?"

அன்றிலிருந்து அவருக்கு நானும் தீவான். என்னை மச்சான் என்று கூப்பிடுவார். ஐந்து வருடத்தில் அவர் பிழையில்லாமல் பழகிய ஒரே தமிழ்ச் சொல் அது.

போன கோடையில் கரிபியன் தீவுகளின் கழகங்களுக்கு இடையிலான சாம்பியன்ஷிப் தொடங்கியது. அவருடைய கழகம் ஒரு தடவைகூட இறுதியாட்டத்துக்குப் போனதில்லை. அவர் விளையாடிய காலத்தில் அரையிறுதியில் ஒரே ஒரு கோலால் தோற்றார்கள். அந்தக் கோலை எதிராளி அடிக்கவில்லை.

"என்ர முழங்காலிலை பட்டுத்தான் மச்சான் உள்ளுக்கை போனது" என்று சொல்லி, அந்த முழங்காலை ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். இந்த முறை இறுதியாட்டத்துக்குப் போனால், லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் பறப்பது என்று முடிவெடுத்திருந்தார்.

ஆட்டங்களை அவருடைய கராஜில், மடக்குக் கதிரையில் இருந்து பார்த்தோம். எனக்குப் பந்தாட்டம் அவ்வளவு விளங்காது. அவர் எழும்பினால் நானும் எழும்புவேன். அவர் தலையில் கை வைத்தால் நானும் வைப்பேன். ஒருமுறை அவர் தலையைச் சொறிந்ததற்கும் வைத்துவிட்டேன். ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் அவர்கள் வெல்ல, எனக்கும் ஏதோ நானே பயிற்சி கொடுத்ததுபோல ஒரு மிதப்பு வந்துவிட்டது.

அரையிறுதி வந்தது. ஒரே எதிராளியோடு இரண்டு ஆட்டம். முதலாவது எங்கள் தீவில். மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். இரண்டாவது எதிராளியின் தீவில். கடைசி ஆட்டத்தை வென்றவன்தான் வென்றவன் என்று நான் நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பயிற்சியாளர் கேட்பாரா?

இரண்டாவது ஆட்டத்தன்று எனக்கு வேலை. பின்னேர பிறேக்கில் போனைத் திறந்தால், பூச்சியத்துக்கு இரண்டு. தோற்றுவிட்டோம். வேலை முடிந்து, பிளாசாவில் ஐம்பது இடியப்பமும் சொதியும் சம்பலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் ஆறேழு கார். ஆம்பிளைகள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து நின்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். நான் வீட்டுக்குள் போய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இடியப்பப் பையைத் தூக்கினேன்.

"கொஞ்சம் மீன் குழம்பும் கிடக்கு, கொண்டு போகேல்லையோ?" என்றாள் மனைவி.

"விசரே? செத்த வீட்டுக்கு ஆரும் மீன் கொண்டு போவினமோ?"

"ஐயோ, ஆரப்பா செத்தது?"

"எங்கட ரீம்" என்றேன்.

வெள்ளைச் சட்டையோடு போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்தேன். கண் கலங்கியிருந்தார்.

"நம்பவே ஏலாமல் கிடக்கு, மச்சான்."

"எங்கட கையிலை என்ன இருக்கு? எல்லாருக்கும் ஒரு நாளைக்கு வாறதுதான்."

"முப்பது வருசம் காத்திருந்தனான்!"

"மனசைத் தேத்திக்கொள்" என்றேன். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. என்னை இறுக்கி அணைத்தார். உள்ளே டமடமவென்று பாட்டு. இவர்கள் துக்கத்தையும் பாடித்தான் ஆற்றுவார்கள் போல என்று மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டேன். புறப்படும்போது, செத்த வீட்டில் சொல்லக் கூடாது என்பதால், "வாறன்" என்று சொல்லாமலே நழுவினேன். வீட்டுக்கு வந்து நேரே தலை முழுகினேன்.

குளியலறைக் கதவில் தட்டுக் கேட்டது.

"இஞ்சருங்கோ, பக்கத்து வீட்டு மனுசி மெசேஜ் போட்டிருக்கிறா. இடியப்பம் நல்லாயிருக்காம். நீங்கள் ஏன் அழுதனீங்கள் எண்டு கேக்கிறா."

"தோத்தால் அழாமல்?"

"அவையள் வெண்டிட்டினமாம்!"

"ரெண்டு கோல் வாங்கினதை நான் கண்ணாலை பாத்தனான்."

"ரெண்டு மட்ச் கோலையும் கூட்டித்தான் பாக்கிறதாம். மூண்டுக்கு ரெண்டு. பைனலுக்குப் போயிட்டினம்."

ஈரத் தலையோடு மீன் குழம்புச் சட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்றபடியே விசயத்தைச் சொன்னேன். அவர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தார், குனிந்து தன் முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தார். உள்ளே இழுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் என்னைக் காட்டினார். அந்தத் தீவின் நடனத்தை, எனக்குத் தெரிந்த அளவில், நானும் ஆடினேன்.

அடுத்த கிழமை அவரை விமான நிலையத்துக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, "பைனலை நான் கராஜிலை இருந்து பாப்பன்" என்றேன்.

"பார்" என்றார். "ஆனா முடிஞ்ச உடனை ஒண்டும் செய்யாதை. அழுகிறதோ சிரிக்கிறதோ எண்டு நான் போன் பண்ணிச் சொல்லுறன்."