புளி ஒட்டிய நூல்

பச்சையப்பன் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, காவலூரில் பால் ஊற்றப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. "காலைல டீ குடிச்சிட்டு உக்காந்தாராம் சார், அப்படியே போய்ட்டாரு," என்றார் பால்காரர். தானும் படுக்கையில் கிடக்காமல், பிறரையும் படுத்தாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார். நல்ல சாவுதான். ஆனாலும் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

அவர் மாட்டாஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். ஓய்வு பெற்றது அவருக்குத்தான் தெரியாது. நாங்கள் நாய்க்குட்டி எடுத்து வந்த மறுநாளே கூப்பிடாமல் வந்து நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, முட்டிபோட்டு, கட்டிலடி, பீரோ அடி என்று தவழ ஆரம்பித்துவிட்டார். டீயோடு வந்த என் மனைவி திகைத்துப் போனாள். ஒரு கொண்டை ஊசி, ரிமோட் பேட்டரி, குக்கர் வெயிட்டு, ஒரு கை புளியங்கொட்டை என்று பொறுக்கி என்னிடம் கொடுத்தார்.

"நீங்க நின்னுகினு பாக்கறீங்க சார். அது மூஞ்சி எங்க இருக்குதோ, அங்கருந்து பாருங்க."

வாத்தியாருக்கே பாடமா என்று எனக்குச் சுருக்கென்றது. புளியங்கொட்டை இல்லாத வீடு இந்த மலையில் எது என்று முணுமுணுத்தேன்.

மாசியில் வீடு முழுக்கப் புளி. ஒரு மத்தியானம் கிழிந்த சாக்குக்கு ஒட்டுப் போட உட்கார்ந்தேன். கோணி ஊசியைத் தேடச் சோம்பல்பட்டு, துணி தைக்கும் ஊசியையே எடுத்தேன். புளி பிசுபிசுத்த கையாலேயே நூல் கோத்துத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பினால், எங்கள் குட்டி கறுப்பியின் வாயோரம் நூல் தொங்குகிறது. ஊசியைக் காணோம்.

பதறிப்போய் நூலை இழுத்தேன். குட்டி வீலென்று கத்தியது. வாந்தியெடுக்க வைக்கலாமென்று மனைவி உப்பும் புளியும் கரைத்தாள். எங்கள் கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த அண்ணன், என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"இழுக்காதீங்க! அந்தக் கரைசலையும் கீழ ஊத்துங்கம்மா. எத முழுங்குனா வாந்தி எடுக்க வெக்கலாம்னு டாக்டர் சொல்லட்டும். வண்டிய எடுங்க சார்."

கறுப்பியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். அப்படியே மலையிறங்கினோம். மயக்க ஊசி போட்டுத் தொண்டையிலிருந்து ஊசியை எடுத்த டாக்டர், இன்னொரு முறை இழுத்திருந்தால் கிழித்திருக்கும் என்றார். வெளியே வந்ததும்தான் அண்ணன் ஆரம்பித்தார். "ஊசிய எடுத்து வெக்கத் தெரியாதவருக்கு நாய் இன்னாத்துக்கு சார்?" ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். கறுப்பி அவர் மடியில் மயக்கம் தெளியாமல் கிடந்தது. அதைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வேலைக்குச் சேந்த புதுசு. என் வூட்டு நாயும் இப்டிதான் ஊசிய முழுங்கிடிச்சி. எனக்குத் தெரியாததா இன்னான்னு நெனச்சி நானும் இழுத்தேன் சார். முழுசா இழுத்தேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, துண்டை இழுத்துக் கறுப்பியைப் போர்த்தினார்.

யோசிப்பதற்கு முன்னால் கை நீட்டுகிறவன் நான். என் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இப்போது நீட்டுமுன் ஒரு நொடி நிற்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நொடிதான். அது அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வயதுக் கறுப்பி இதோ என் காலடியில் குறட்டை விட்டுத் தூங்குகிறது, அண்ணா.