தலைவர் என்னைப் பேட்டி எடுத்த கதை

வெக்கத்த விட்டுச் சொல்றேன். அரசியல்வாதிங்கள பேட்டி எடுக்கிறது என் தொழில். ஆனா அதுல நான் எடுத்த முதல் பெரிய பேட்டிய வீட்டுல வந்து போட்டுக் கேட்டா, முக்காவாசி நேரம் என் குரல்தான் ஓடுது. கேள்வி கேட்டது தலைவரு. பதில் சொன்னது நானு. நடுவுல ஒரு எடத்துல எனக்குக் கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு வேற விளக்கமா சொல்லியிருக்கேன். பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்த என் பொண்டாட்டி, "அதையாச்சும் உண்மையா சொல்லியிருக்கலாமே"ன்னுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா.

பதுளையில இருந்துக்கிட்டு, கொழும்புலேருந்து வர்ற ஆராய்ச்சிக்காரங்களுக்கு ஃபீல்ட் வேலை செஞ்சு குடுக்கிறேன். ரொம்ப காலமா தேயிலைத் தோட்டத்துல தொழிலாளிங்க குடியிருக்கிற லயம் லயமாப் போய் சனங்ககிட்ட பேசினவன். இந்த வேலைக்குப் புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கிறதும் நான்தான். "ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்லவே கூடாது"ன்னு போர்டுல பெருசா எழுதிப் போட்டு, அதுக்குக் கீழ ரெண்டு கோடும் போடுவேன். அந்த ரெண்டு கோட்டையும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

1. எந்தத் தோட்டம்?

ஆராய்ச்சி, மண்சரிவு பத்தி. பசறையிலேருந்து உள்ள போற ஒரு தோட்டம். பேர் வேணாம். மழையில மலை எறங்கி ஒரு லயத்த மூடிருச்சு. யார் என்ன முடிவெடுத்தாங்க, யார் எடுக்காம விட்டாங்க, அதுதான் கேள்வி. சனங்ககிட்ட கேட்டு முடிச்சாச்சு. இனி மேல இருக்கிறவங்ககிட்ட கேக்கணும். எங்க கொழும்பு மேடம் இத எலீட் இன்டர்வியூன்னு சொல்லுவாங்க. நம்ம ஊரு எலீட்ட பாக்கணும்னா விடிஞ்சதும் போய் பெஞ்சுல ஒக்காரணும்.

பஜார்ல, ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல தொழிற்சங்க ஆபீஸ். பெஞ்சு பூரா சனம், எல்லாரும் தலைவர்கிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்க வந்தவங்க. பக்கத்துல இருந்த அக்கா கேட்டாங்க: "உங்களுக்கு என்ன கடிதம்?"

"கடிதம் இல்லக்கா. பேட்டி."

"அய்யோ, அதுக்கும் இவரு கையெழுத்து வேணுமா?"

தலைவர்னு மட்டும் சொல்றேன், பேர் சொல்ல மாட்டேன். முன்னால மாகாண சபையில இருந்தவரு, இப்ப அந்தப் பக்கத்துக்கு சங்கத்துல பெரியவரு. வெள்ளச் சட்டை, வெள்ளச் சிரிப்பு. நான் ரெக்கார்டிங் மெஷின மேசையில வச்சு பட்டன அமுத்தினேன். வாயத் தொறக்கிறதுக்குள்ள அவரு முந்திக்கிட்டாரு.

"தம்பி எந்தத் தோட்டம்?"

மலையகத்துல யாரும் யார்கிட்டயும் கேக்கிற முதல் கேள்வி அது. பதில் சொல்லாம இருக்க முடியாது. சொன்னேன். எந்த டிவிஷன், அப்பா பேரு, அப்பா எந்த சங்கம், எல்லாம் சொன்னேன். அப்பா எதிர்ச் சங்கம். "அப்ப நீங்க எதிரி வீட்டுப் பிள்ளை!"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஒரு பெரிய மனுசன் நம்ம கதைய ஆசையா கேட்டா எப்படி இருக்கும்! நான் கரைஞ்சு போயிட்டேன். கல்யாணக் கதை வந்தது அப்பத்தான்.

கடைசியில, நாமளும் ஏதாவது உருப்படியா கேக்கணுமேன்னு ரோசம் வந்துச்சு. கேட்டேன்:

"தலைவரே, மலை எறங்கின அன்னைக்கு மத்தியானம் ஒரு அக்கா ஃபோன் பண்ணி, நீங்க எடுக்கலன்னு சொன்னாங்களே?"

சிரிப்பு அப்படியே இருந்துச்சு. "யாரு, மாமியார பறிகுடுத்துச்சே, அந்தப் பிள்ளையா?"

"யாருன்னு சொல்ல மாட்டேன் தலைவரே. அந்த அக்காவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"ஓ," அப்படின்னாரு. "அந்த அக்காவுக்கு."

அப்புறம் டீ கப்ப கீழ வைக்கிற சத்தம் பதிவாகியிருக்கு. ரகசியத்த எவ்வளவு அழகா காப்பாத்திட்டோம்னு நான் பெருமையா படியெறங்கி வந்தேன்.

2. போய்ச் சொல்லணும்

டைப் பண்ணி அனுப்பின பேட்டிக்கு ஓரத்துல மேடம் எழுதியிருந்தாங்க: "இதுல பேட்டி குடுக்கிறவர் யாரு?" நான் சிரிச்சேன். அப்புறம் ஃபோன் வந்துச்சு. அதுல சிரிப்பு இல்ல.

"அந்த அக்காவுக்கு வீடு இன்னும் கெடைக்கலதானே?"

"இல்ல மேடம்."

"புது வீட்டு லிஸ்டுக்குப் பேர் குடுக்கிறது யாரு?"

எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. பேர் குடுக்கிறது தலைவரு. மலை எறங்கினதுலேருந்து அந்தக் குடும்பங்க தகரக் கொட்டில்லதான் இருக்காங்க. புது வீடு கொஞ்சந்தான் கட்டியிருக்காங்க. யாருக்குன்னு அவரு வாயிலேருந்து வரணும். அவருக்கு எதிரா பேசினது யாருன்னு நான் அவரு மேசையிலயே வச்சுட்டு வந்திருக்கேன்.

"நீங்க போய் அவங்ககிட்ட சொல்லணும்," மேடம் சொன்னாங்க. "நான் இல்ல. நீங்க."

அந்த அக்காவ சரோஜான்னு வச்சுக்குவோம். கொழுந்தெடுக்கிறவங்க. அன்னைக்கு நடந்தத என்கிட்ட சொன்னது இதுதான். காலையிலேருந்து மலையில வெடிப்பு தெரிஞ்சிருக்கு. சனம் லயத்த விட்டு ரோட்டுக்கு வந்திருச்சு. பக்கத்துல புள்ளக்காம்பரா இருக்கு. தாய்மாருங்க வேலைக்குப் போறப்ப சின்னப் புள்ளைங்கள விட்டுட்டுப் போற கட்டடம். நல்ல செவுரு, நல்ல கூரை, ஆனா பூட்டியிருக்கு. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர், "தொரை சொல்லாம சாவி தர முடியாது"ன்னுட்டாரு. தோட்ட மேனேஜரான தொரைகிட்ட யார் பேசுறது? தலைவர்தான் பேசணும். சரோஜாக்கா அவருக்கு ஃபோன் பண்ணியிருக்காங்க. மணி அடிச்சிக்கிட்டே இருந்திருக்கு. மாமியார் கெழவி, "கதவு தொறந்தா வந்து கூப்பிடு, எனக்கு நனைய முடியாது"ன்னு லயத்துக்குள்ள திரும்பிப் போய் படுத்துருச்சு. கதவு தொறக்கல. கூப்பிடவும் இல்ல.

பசறையில எறங்கி த்ரீவீல் ஆட்டோ புடிச்சுப் போனேன். வழி பூரா வசனம் மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். கொட்டிலுக்கு முன்னால கொழுந்துச் சாக்க ஒதறிக்கிட்டிருந்தாங்க. என்னப் பாத்ததும் எல்லா வசனமும் மறந்து போச்சு.

"அக்கா, நீங்க சொன்னத நான் தலைவர்கிட்ட ஒளறிட்டேன்."

சாக்க ஒதறுறத நிறுத்தல. "பேரோடயா?"

"பேர் சொல்லல. ஆனா அவருக்குத் தெரிஞ்சு போச்சு."

"பேர் வராதுன்னு சொன்னீங்கல்ல?"

"வரலக்கா. நீங்கதான் வந்துட்டீங்க."

நான் தமாஷா சொல்லல, பயத்துல வந்துருச்சு. அவங்க என்ன ஏற எறங்கப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"கெழவி இருந்திருந்தா உங்கள வெளக்கமாத்தால அடிச்சிருக்கும்," அப்படின்னாங்க. "எனக்கும் அதுக்கும் ஆவாது. ஆனா வீடு வந்தா சாமி ரூம் எந்தப் பக்கம்னு அதுகூடத்தான் சண்ட போட்டுக்கிட்டிருந்தேன், அது செத்த பெறகும்." உள்ள போயிட்டாங்க. திரும்ப வரல. தகரக் கதவ நானே சாத்தி வச்சுட்டு வந்தேன்.

3. மெஷின் வேணாமாம்

ரெண்டு மூணு நாள் சாப்பாடு எறங்கல. அப்புறம் தலைவரோட பி.ஏ. ஃபோன் பண்ணாரு. "தலைவர் வீட்டுக்கு வரச் சொன்னாரு. மெஷின் வேணாமாம்."

போறப்ப மன்னிப்புக் கேக்கிறதுக்கு ஒரு வசனம், சரோஜாக்காவுக்காகக் கெஞ்சுறதுக்கு ஒரு வசனம்னு ரெண்டு தயார் பண்ணியிருந்தேன். அவரு இடுப்புல கட்டின சாரத்தோட, பின்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தாரு. வெள்ளச் சட்ட இல்லாம ரொம்பச் சின்ன ஆளாத் தெரிஞ்சாரு. நான் வாயத் தொறந்தேன். திரும்பவும் அவருதான் முந்திக்கிட்டாரு.

"ஃபோன பாத்தேன் தம்பி. அந்தப் பிள்ள பேர்தான் வந்துச்சு. எடுக்கல."

நான் ஒண்ணும் பேசல. என் தொழில் வாழ்க்கையில நான் செஞ்ச நல்ல வேலை அது ஒண்ணுதான்.

"அந்தத் தொரையும் நானும் பேச்சு வார்த்த இல்லாம ஒரு வருசம். அதுக்கு முன்னால நான் ஆபீசுக்குப் போனப்ப, வாசல்லயே நிக்க வச்சு, போங்கன்னு சொல்லிட்டான். வெளிய வந்து சனங்ககிட்ட, பேசி முடிச்சிட்டேன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் எப்படித் தம்பி சொல்றது, நான் பேசினா தொரை கேக்க மாட்டான்னு?"

ஊத்துற தண்ணி செடிய விட்டு காலுல விழுந்துக்கிட்டிருந்துச்சு. அவரு பாக்கல.

"எடுத்தா என்ன சொல்றது? என்னால முடியாதும்மான்னா? தலைவர்னு ஒருத்தன் அதச் சொல்லலாமா? அடிச்சு நிக்கட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அப்புறம், "இத நீங்க அந்தப் பிள்ளகிட்ட சொல்லிருங்க"ன்னாரு.

நான் ரெண்டடி பின்னால போயிட்டேன். "தலைவரே, கைகூப்பிக் கேக்கிறேன். இனி நான் யார் பேச்சையும் யார்கிட்டயும் கொண்டு போக மாட்டேன். ஒரு வாட்டி கொண்டு போனதுக்கே இன்னும் தூக்கம் வரல. நீங்களே சொல்லுங்க."

அவரு தண்ணி ஊத்துறத நிறுத்தினாரு. அப்புறம் உள்ள போய் சட்டையப் போட்டுக்கிட்டு வந்தாரு. வெள்ளை இல்ல, கட்டம் போட்டது. "வாங்க, கூட வாங்க. தனியா போக காலு வராது."

4. கட்டம் போட்ட சட்ட

தலைவர் தோட்டத்துக்கு வந்தா ஒரு மொற இருக்கு. முன்கூட்டியே ஆள் போகும், மால வரும், பொன்னாட வரும், யார் வீட்டுலயாச்சும் ஒக்காருறதுக்கு நல்ல கதிர வாங்கி அதுக்கு மேல டவல் விரிப்பாங்க. அன்னைக்கு ஒண்ணும் இல்ல. த்ரீவீல்லேருந்து எறங்கி நடந்தப்ப பாதிப் பேருக்கு அவர அடையாளமே தெரியல. ஒருத்தர் என்கிட்ட, "இது யாரு, கரன்ட் மீட்டர் பாக்க வந்தவரா?"ன்னு கேட்டாரு.

சரோஜாக்கா கதிர எடுக்க உள்ள ஓடினாங்க. "வேணாம்மா"ன்னு அவரு நின்னுக்கிட்டாரு. மேடையில மணிக்கணக்கா பேசுறவரு, இங்க ரெண்டு வரியில முடிச்சாரு:

"அன்னைக்கு ஃபோன பாத்தேம்மா. எடுக்கல."

"தெரியும்," அக்கா சொன்னாங்க. "நீங்க கட் பண்ணியிருந்தா வேற யாருக்காச்சும் அடிச்சிருப்பேன். மணி போய்க்கிட்டே இருந்துச்சா, இப்ப எடுப்பாரு, இப்ப எடுப்பாருன்னு நின்னுட்டேன்."

"தொரை என் பேச்சக் கேக்க மாட்டான்மா. முடியாதுன்னு சொல்ல வெக்கமாப் போச்சு."

அக்கா அவரையே பாத்தாங்க. கோவம் இல்ல அது. ரொம்ப நாளா தேடின சாமான் கண்ணு முன்னாலயே இருந்தா பாப்போமே, அப்படி.

"அதச் சொல்லியிருந்தா போதுமே தலைவரே. நாங்களே பூட்ட ஒடச்சிருப்போம்."

அவரு தலையக் குனிஞ்சாரு. தோளு குலுங்குச்சு. அக்கா உள்ள போனாங்க. அப்புறம் டீ ஊத்திக் கொண்டாந்து, கப்ப அவரு கையிலயே வச்சு, அவங்களும் சேத்துப் புடிச்சுக்கிட்டாங்க. "குடிங்க. சீனி கம்மிதான். உங்களுக்கு சுகர்னு சொன்னாங்க." நான் மலைய வேடிக்க பாக்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன். வீட்டப் பத்தி அன்னைக்கு யாரும் ஒரு வார்த்த பேசல.

இதுல எதையும் ஆராய்ச்சியில சேக்கல. மேடத்துகிட்ட சொன்னேன், அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க. இங்க எழுதுறதுக்கு ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன். சரோஜாக்கா, "தோட்டம் பேர் போடாதீங்க"ன்னாங்க. தலைவர், "எழுதுங்க, ஆனா என்ன கொஞ்சம் ஒயரமா எழுதுங்க"ன்னாரு. இவ்வளவுதான் தலைவரே முடிஞ்சுது.

இப்ப ட்ரெய்னிங்ல நான் சொல்றது இதுதான். மேல இருக்கிறவங்க மறைக்கிறது எல்லாம் அவங்க செஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டுப் போகாதீங்க. பல நேரம், அவங்களால செய்ய முடியாததத்தான் மறைக்கிறாங்க. அத நம்மளால கேட்டு வாங்க முடியாது. பேசாம ஒக்காந்திருந்தா வரும். "எந்தத் தோட்டம்?"னு கேட்டா தோட்டத்து பேர மட்டும் சொல்லுங்க. நான் இப்பெல்லாம் பேட்டிக்குப் போறப்ப இஞ்சி டொஃபி ஒண்ண வாயில போட்டுக்கிறேன். அது கரையிற வரைக்கும் மத்தவங்க பேசலாம்.

சரோஜாக்காவுக்கு வீடு வந்துச்சு. தலைவர் சொல்லி வந்துச்சா, வர வேண்டிய மொறையில வந்துச்சான்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல. பால் காய்ச்ச கூப்பிட்டாங்க, ஒரு சீப்பு வாழப்பழத்தோட போனேன். சாமி ரூம் கெழவி சொன்ன பக்கமே இருந்துச்சு. எல்லாரும் சிரிச்ச மொகமா இருக்கவும் எனக்குத் தைரியம் வந்துருச்சு. மெதுவா கிட்டப் போய், "பாத்தீங்களாக்கா, நான் ஒளறினதும் ஒரு வகையில நல்லதாத்தான் முடிஞ்சிருச்சு"ன்னேன்.

அவங்க பால கிளாசுல ஊத்திக்கிட்டே சொன்னாங்க:

"வீடு கெடச்சது வேற, நீங்க வாயத் தொறந்தது வேற. கெடைக்காமப் போயிருந்தா, நீங்களா வந்து என்கூட தகரத்துக்குள்ள இருந்திருப்பீங்க?"