கார்பன் பக்கத்தில் ஒரு புள்ளி

கரிம வேதியியலில் நான் இரண்டு முறை தோற்றேன். மற்ற பாடங்களையெல்லாம் தட்டுத்தடுமாறியாவது தாண்டிவிட்டேன்; இது மட்டும் என்னை விடவில்லை. மூன்றாம் ஆண்டுக் கடைசித் தேர்வோடு இந்த அரியரையும் முடித்தால்தான் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் போட முடியும். முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தே இருந்தது. என் அம்மா திண்டிவனத்தில் ஒரு துணிக்கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். "மொதலாளி கிட்ட சொல்லி வச்சிக்கிறேன். இந்த வாட்டியும் போச்சின்னா பில்லு போடுற வேலைக்குப் போயிடு" என்றார். அம்மா விளையாட்டுக்குப் பேசும் ஆள் இல்லை.

இத்தனைக்கும் நான் சோம்பேறி இல்லை. தினமும் திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால் விழுப்புரம் வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வருவேன். கையில் சீனியர் அக்கா ஒருவருடைய நோட்ஸின் ஜெராக்ஸ். எங்கள் வகுப்பில் பாதிப்பேரிடம் அதுதான் இருந்தது. அந்த அக்கா படு ஒழுங்கு. ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில், ஒரே இடத்தில், கட்டம் கட்டி அதற்குள் வினை எப்படி நடக்கிறது என்பதை அம்புக்குறி போட்டு வரைந்திருப்பார். அந்தக் கட்டங்களை அப்படியே மனப்பாடம் செய்தேன். அம்பு வளைகிற வளைவு, கூட்டல் குறி, கடைசியில் கார்பன் பக்கத்தில் நிற்கிற ஒரு புள்ளி, எல்லாமே கண்ணை மூடினால் தெரியும். வேதியியலில் அப்படித் தனியாக நிற்கும் புள்ளி என்றால் ஓர் எலக்ட்ரான்.

அந்தப் புள்ளி ஏன் அங்கே நிற்கிறது என்று ஒரே ஒரு தடவை தோழியிடம் கேட்டிருக்கிறேன். அவள் காணையிலிருந்து பஸ்ஸில் வருபவள், அதே அரியரை வைத்திருப்பவள். யோசிக்காமல் பதில் சொன்னாள்: "வேலை எல்லாம் முடிஞ்சி ஒண்ணு மிச்சமா நிக்கும்டி." எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டு தேர்விலும் மிச்சத்தை மறக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது முறை தேர்வுக்குப் பணம் கட்டுகிற வாரம். ப்ளஸ் டூ மார்க் ஷீட் நகல் வேண்டும் என்றார்கள். கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குத் தோழியோடு போய்க் கொடுத்தேன். வந்த நகலைப் பார்த்தால் வேதியியலில் நான் வாங்கிய 81, 8.1 ஆகியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இன்னாண்ணா, என் மார்க்கை இப்படிக் கொறச்சிட்டீங்க?"

"கண்ணாடில ஒரு கறை கீதும்மா. ரெண்டு மூணு வருசமா அங்கியேதான் கீது. தொடச்சாலும் போவல" என்றார் கடைக்கார அண்ணன், தலையை நிமிர்த்தாமலே.

வலது ஓரம். நடுவுக்குச் சற்று மேலே. நோட்ஸும் இதே கடையில் எடுத்ததுதான். பையிலிருந்து நோட்ஸை உருவி மார்க் ஷீட் நகலின் மேல் வைத்து, இரண்டையும் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். இரண்டு புள்ளியும் ஒன்றாக உட்கார்ந்தன. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் அதே இடம். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: "அடியே, இது எலக்ட்ரான் இல்லடி, கறை!"

தோழியை இழுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன். தடித்த புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு வினையாக ஒப்பிட்டோம். ஒரு இடத்திலும் அந்தப் புள்ளி இல்லை. எலக்ட்ரான் குறைந்ததால் நேர்மின்சுமையோடு நிற்கிற கார்பன் பக்கத்திலேயே நாங்கள் ஓர் எலக்ட்ரானை உட்காரவைத்திருந்தோம். திருத்தியவர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். வயிறு வலிக்கச் சிரித்தோம். நூலகர் வெளியே போகச் சொன்னார். வெளியே வந்த பிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. கறை கண்ணாடியில் இருந்தது உண்மை; அதை இரண்டு தடவை எழுதியது என் கை. ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தால் போதும்.

அன்றிலிருந்து படிக்கிற விதமே தலைகீழானது. நோட்ஸைத் திருப்பிப் போட்டு, பின்பக்க வெள்ளைத்தாளில் எதையும் பார்க்காமல் வரைந்தோம். மாட்டிக்கொண்ட இடத்தில் ஒரு வட்டம். புத்தகத்தைப் பார்த்துத் திருத்திவிட்டு, இரண்டு நாள் கழித்து அதையே மறுபடியும் வெறுந்தாளில் வரைய வேண்டும். வட்டம் காணாமல் போகும்வரை விடுவதில்லை. ஒருத்தி வரையும்போது மற்றவள் எந்த அம்பையும் காட்டி "ஏன்?" என்று கேட்கலாம். "அப்படித்தான் போட்டிருக்கு" என்று சொன்னால் தோல்வி. கையிலிருக்கும் அவித்த வேர்க்கடலையில், எங்கள் பக்கத்து மல்லாட்டையில், ஒரு பிடி கொடுத்துவிட வேண்டும். முதல் வாரம் நான் ஒரு மல்லாட்டைகூடத் தின்னவில்லை.

இரண்டாவது வாரம் அது நடந்தது. அம்பு எப்போதும் எலக்ட்ரான் இருக்கிற இடத்தில் கிளம்பி, அது குறைவாக இருக்கிற இடத்துக்குப் போகிறது. அவ்வளவுதான்! தனித்தனியாக நான் உருப்போட்ட ஐம்பது அறுபது வினைகளும் நாலைந்து நகர்வுகளின் வேறு வேறு வேஷங்கள். ரயிலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தே நின்றுவிட்டேன். இதை ஏன் யாருமே எனக்குச் சொல்லவில்லை என்று ஆத்திரமாக வந்தது. சொல்லியிருப்பார்கள், நான் அப்போது மனப்பாடம் செய்துகொண்டிருந்திருப்பேன்.

பிறகு வீடு படாத பாடு பட்டது. அம்மா பிசைந்த சப்பாத்தி மாவில் இரண்டு உருண்டை திருடி, ஒவ்வொன்றிலும் நாலு ஈர்க்குச்சி குத்தி, முனைகளில் மல்லாட்டை, கேரட், பச்சை மிளகாய், புளி உருண்டை செருகினேன். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். எப்படித் திருப்பினாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. படத்தில் ஒரு வருடமாகப் புரியாதது கையில் ஐந்து நிமிடத்தில் புரிந்தது. தோழிக்குக் காட்ட அவற்றை ரயிலில் எடுத்துப்போனபோது, எதிரே கூடையோடு இருந்த பூக்காரம்மா கேட்டார்: "இன்னாம்மா இது, திருஷ்டி கழிக்கவா?" ஆமாம் என்றேன். பொய்யும் இல்லை.

தேர்வு நாள். கேள்வித்தாளில் கடைசிப் பெரிய கேள்வி: புரொப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு, பெராக்சைடு முன்னிலையில். சீனியர் நோட்ஸில் இது இல்லவே இல்லை. பழைய நானாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். வரைய ஆரம்பித்தேன். பெராக்சைடின் நடுப்பிணைப்பு சரிபாதியாக உடைகிறது. ஆளுக்கு ஓர் எலக்ட்ரான். உடைந்த துண்டு ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்க, புரோமின் ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கிறது. அந்தப் புரோமின் ஓரத்துக் கார்பனில் போய் ஒட்டினால் நடுக்கார்பனில்…

பேனா நின்றுவிட்டது. நடுக்கார்பன் பக்கத்தில் ஒரு புள்ளி வருகிறது. மறுபடியும் அதே புள்ளியா! விரல் விட்டு எலக்ட்ரான்களை எண்ணினேன். திரும்ப எண்ணினேன். சந்தேகமே இல்லை, ஒன்று தனியாகத்தான் நிற்க வேண்டும். பேனாவை அழுத்தி வைத்தேன். தாளின் பின்பக்கம் தடவினால் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு அழுத்தி வைத்தேன். பக்கத்து வரிசையில் தோழியும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்த அன்று கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மயிலம் தாண்டியதும் சிக்னல் போய், ஃபோனில் பக்கம் பாதியில் சுற்றிக்கொண்டே இருந்தது. விக்கிரவாண்டியில் திறந்தது. பாஸ். அறுபத்தேழு! நான் போட்ட சத்தத்தில் ரயில் பெட்டியே திரும்பியது. காணைக்காரி அதற்குள் போன் செய்து, "நானும்டி, நானும்டி" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்து அம்மாவுக்கு அடித்தேன். தையல் மிஷின் சத்தம் கேட்டது.

"அம்மா, பாஸாயிட்டேன்! கடைக்கு வரலன்னு மொதலாளி கிட்ட சொல்லிடு."

மிஷின் நின்றது.

"அதை நீ பரீட்சைக்குப் போன அன்னிக்கே சொல்லிட்டேன்டி" என்றார் அம்மா.