கோவாத் தோட்டத்து ஓடையில் மீன் முட்டையிட்ட கிழமை

முதல் நாள்

நான் தோட்ட வேலைக்குப் போன முதல் நாள், ஆட்களை ஏற்றிப்போகிற வான் வண்டியில் ஏறும்போது பெயர் கேட்டார்கள், சொன்னேன். பின்னேரம் நாங்கள் இருக்கிற மல்வேர்னில் திரும்ப இறங்கும்வரை வேறு ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்குப் பேசத் தெரியாது என்றில்லை. புது ஆட்களென்றால் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்கும் இந்தக் கூச்சம்தான் பாதிக் காரணம்.

வேலை இப்படித்தான். விடியற்காலையில் யோகன் தம்பி வானைக் கொண்டுவந்து அப்பார்ட்மென்ற் வாசலில் நிறுத்துவார். அவர்தான் றைவர், அவர்தான் சுப்பர்வைசர். உள்ளே எல்லாரும் அறுபதைத் தாண்டிய பெண்கள். விட்பி என்ற ஊருக்கு வடக்கே ஒரு காய்கறித் தோட்டம். வெயில் காலத்தில் பீன்ஸ், பிறகு பூசணி, குளிர் தொடங்க லீக்ஸ், கடைசியில் கோவா, அதுதான் முட்டைக்கோஸ். முதலாளி ஹென்றி என்ற வெள்ளைக்காரர். எங்கள் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். அதனால் அவரில் எனக்கு ஒரு மரியாதை.

என் பக்கத்து சீற்றில் நாகேஸ் இருப்பாள். என்னிலும் இளையவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். "மணியக்காவுக்குப் பசிக்குது, வானை நிப்பாட்டுங்கோ" என்பாள். பசி அவளுக்குத்தான்.

குழம்புக்கு வராத மீன்

கோவாத் தோட்டம் இரண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் ஒரு சின்ன ஓடை. கால் நனைத்தால் எலும்பு வரைக்கும் குளிரும். ஒரு இடத்தில் கூழாங்கல் பரவி ஆழமில்லாமல் இருக்கும். அந்த இடத்தால்தான் ட்ரக்டர் அக்கரைக்குப் போகும். கொஞ்சம் கீழே, ஓடை ஒடுங்கிய இடத்தில், நாங்கள் நடந்து போக இரண்டு பலகை போட்டிருந்தார்கள். ட்ரக்டர் போகும் இடத்தில் கரை மண்ணுக்குள்ளிருந்து ஊற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மற்ற இடத்தில் ஓரங்கள் உறைந்தாலும் அங்கே உறையாது.

நவராத்திரி முடிந்து, மரங்களில் இலை பாதி கொட்டியிருந்த நேரம். லஞ்ச் பிரேக்கில் ட்ரக்டர் இறங்குகிற அந்த இடத்துக் கரையில் பழைய சீலை ஒன்றை விரித்து நானும் நாகேஸும் சாப்பிட இருந்தோம். தண்ணீருக்குள் ஏதோ பளிச்சென்று திரும்பியது. ஒரு மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் கல்லை அடித்துக்கொண்டிருந்தது. வலிப்பு வந்தது போல் இருந்தது. பாவம், சாகப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"மணியக்கா, நல்ல மீன்! சீலையை ரெண்டு பக்கமும் பிடிச்சா அள்ளிப்போடலாம். பின்னேரம் ஒரு புளிக்குழம்பு!"

"பேசாமல் இரடி. அதுக்கு ஏதோ நோய் வருத்தம்."

"வருத்தமெண்டால் சட்டிக்கை போட மாறிடும்."

வருத்தம் இல்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. மீன் நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கியது. மறுபடியும் ஒருக்களித்து அடித்தது. அடிக்க அடிக்கப் பாசி படிந்த கற்கள் விலகி, அந்த இடம் மட்டும் அரிசி கழுவிவிட்டது போல வெளிறியது. அதற்குப் பின்னால் இன்னொரு மீன் காவல் நின்றது. அதன் வயிறு செம்மஞ்சள் நிறம். அடிச் செட்டைகளின் ஓரத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல வெள்ளை. முதுகில் புழு ஊர்ந்த தடம் போல நெளிவு, பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நீல வளையம். கல்யாண வீட்டு மாப்பிள்ளை கூட இவ்வளவு எடுப்பாக நின்று நான் பார்த்ததில்லை. வேறொரு ஆண் மீன் கிட்ட வந்தால் பாய்ந்து துரத்தியது. பொம்பிளை கல்லை அடித்துக்கொண்டே இருந்தது.

"வீடு கட்டுறாள் நாகேஸ்."

நாகேஸ் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்க மறந்துபோனாள். "ஐயோ, ஓம் அக்கா. அந்த மனுசனைப் பாருங்கோ. ஒரு கல்லும் தூக்காமல் சண்டித்தனம் காட்டிக்கொண்டு நிக்குது. எங்கடை வீட்டிலை மாதிரித்தான்."

அவல்

அடுத்த நாள் நாகேஸ் ஒரு பையோடு வந்தாள். சரஸ்வதி பூசையில் மிஞ்சிய அவல். கோயில் கேணியில் மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மீனைக் கண்டால் ஏதாவது போடவேண்டும், அது புண்ணியம். "வயித்திலை பிள்ளையோடை வேலை செய்யிறாள், சாப்பிடட்டும்" என்று இரண்டு கையாலும் அள்ளி வீசினாள்.

மீன்கள் வெடித்தது போல் சிதறின. ஒன்று கரைக்கு அடியில், ஒன்று மேலே, மாப்பிள்ளை எங்கே போனாரென்றே தெரியவில்லை. அவல் மட்டும் தண்ணீரில் சுழன்று சுழன்று போனது. நாகேஸின் முகம் சுருங்கிவிட்டது.

"பலகாரம் குடுத்து ஓட்டிப்போட்டன் அக்கா."

"இரு. அசையாதை."

அசையாமல் இருப்பதென்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண வீடுகளில் மூலைக் கதிரையில் மணிக்கணக்காக அப்படித்தான் இருப்பேன். இரண்டு பேரும் கோவாக் குவியல் போல இருந்தோம். பிரேக் முடியப்போகிற நேரத்தில் முதலில் அவள் வந்தாள், பிறகு அவர். விட்ட இடத்திலிருந்து வேலை தொடங்கியது. நாகேஸ் என் கையைப் பிடித்து நெரித்த நெரியில் வளையல் அழுந்தித் தடம் விழுந்தது.

அன்றைக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் கொடுக்கிற எதுவும் அதற்கு வேண்டாம். எங்கள் நிழல் விழாமல் இருந்தால் போதும். அதற்குப் பிறகு லஞ்ச் பிரேக் என்றால் பத்துக் கிழவிகளும் சத்தம் போடாமல் அந்தக் கரையில்தான். யோகன் தம்பிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அன்ரிமார் ஏன் இவ்வளவு அமைதி? சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேக்கப்போறியளோ?" என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அவர் போன் எடுத்துக்கொண்டு படம் பிடிக்க ஓடிவருவார்.

ட்ரக்டருக்கு முன்னால்

அந்தக் கிழமை முடிகிற நாள். இரவைக்குக் கடும் குளிர் வருகிறதென்று செய்தி. அதுவரை வெட்டாமல் விட்டிருந்த அக்கரைக் கோவா இறுகி உறைந்தால் விற்க முடியாது. எல்லாவற்றையும் வெட்டிப் பெட்டியில் போட்டுவிட்டோம். ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு யோகன் ட்ரக்டரைக் கொண்டுவருகிறார். நேராக ஓடைக்கு. அந்தக் கூழாங்கல் இடத்துக்கு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் அக்கரையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இக்கரையில் நான் மட்டும். தண்ணீருக்குள் அவள் இன்னும் கல்லை அடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சில்லு ஒருமுறை ஏறினால் வீடும் இல்லை, முட்டையும் இல்லை.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பிறகு என்ன செய்தேன் என்று யோசித்துச் செய்யவில்லை. பாதைக்கு நடுவில் போய் நின்றேன்.

ட்ரக்டர் நின்றது. யோகன் தலையை வெளியே போட்டார். "அன்ரி! விசரே பிடிச்சிருக்கு? விலகுங்கோ! இருட்டப்போகுது!"

நான் அசையவில்லை. கையை மட்டும் தண்ணீர்ப் பக்கம் காட்டினேன்.

"என்ன? ஆரும் விழுந்திட்டினமோ?"

"பிள்ளைப்பேறு" என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது.

யோகன் பாய்ந்து இறங்கினார். முகம் வெளிறிப்போனது. அக்கரையிலிருந்து நாகேஸ் கத்தினாள்: "தம்பி, பயப்பிடாதையும்! எங்கடை ஆக்கள் இல்லை. எங்களுக்கு அந்தக் கடை பூட்டிக் கனகாலம். மீனுக்கு, மீனுக்கு!"

யோகன் எட்டிப் பார்த்தார். "மீனுக்காகவோ ட்ரக்டரை மறிச்சனீங்கள்? பொஸ்ஸுக்கு நான் என்ன சொல்லுறது? றோட்டாலை சுத்திப்போனால் பாதியும் ஏத்தி முடியாது."

அந்த நேரம் ஹென்றியின் பிக்கப் வந்து நின்றது. இந்த வேலை போனால் என் வயதுக்கு வேறு வேலை யாரும் தரமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் விலகவில்லை. விலகினால் அவள் போய்விடுவாள், அதுவும் தெரியும்.

யோகன் ஏதோ விளக்கினார். ஹென்றி கேட்டபடியே தொப்பியைக் கழற்றினார். கரைக்குப் போனார். அந்தப் பெரிய உடம்போடு சேற்றில் குப்புறப் படுத்து, புல்லை விலக்கித் தண்ணீரைப் பார்த்தார்.

நெடுநேரம் எழும்பவே இல்லை. நாகேஸ் மெதுவாகப் பலகையால் வந்து என் காதுக்குள் கேட்டாள், "அக்கா, மனுசனுக்கு மூச்சு இருக்கோ?"

பிறகு அவர் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். நானும் சீலை விரித்துப் பக்கத்தில் படுத்தேன். வெள்ளைக்கார முதலாளியோடு பக்கத்துப் பக்கத்தில் படுத்துக் கிடப்பேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். யோகனும் வந்து படுத்தார். ஹென்றி மெல்லச் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார்: "புரூக் ட்ரவுட்டாம் அன்ரி. இந்த ஓடையிலை அது முடிஞ்சுபோச்செண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவராம். நீங்கள் எப்ப கண்டனீங்கள் எண்டு கேக்கிறார்."

நான் விரலால் சாப்பாட்டுப் பெட்டியைக் காட்டினேன். ஹென்றிக்கு விளங்கிவிட்டது. சிரித்தார்.

சீலை

இனிக் கோவா. ஹென்றி போகட்டும் விடுங்கள் என்பது போல் கையை விரித்தார். ஆனால் அவர் கண் அக்கரைப் பெட்டிகளில் போய் நின்றதை நான் பார்த்தேன். நாங்கள் வெட்டிய கோவா. எங்களுக்கும் மனம் வருமா?

நான் நாகேஸுக்குச் சொன்னேன், நாகேஸ் ஊருக்கே சொன்னாள். "கையாலை கடத்துவம்! பந்திக்குச் சோத்து வாளி கடத்திறேல்லையோ? அப்பிடி!"

அக்கரையிலிருந்து பலகை வழியாக இக்கரை ட்ரெய்லர் வரை வரிசையாக நின்றோம். முதல் கோவா கை மாறியதுமே மீன்கள் வெருண்டு கரைக்கு அடியில் போய்விட்டன. பலகையில் ஆட்கள் ஆடுவது அவற்றுக்குத் தெரிந்தது. ஹென்றி உதட்டைக் கடித்தார்.

அப்போது நான் என் சீலையை உதறி எடுத்தேன். ஊரில் பிள்ளைப்பேற்று வீட்டில் முதலில் செய்வது அதுதான், கொடி கட்டிச் சீலையால் மறைப்பது. ஆண் பார்க்கக்கூடாது, வழிப்போக்கர் பார்க்கக்கூடாது, பெறுகிறவள் பயமில்லாமல் பெறவேண்டும். தக்காளிக்கு ஊன்றுகிற தடிகளை நாகேஸ் கொண்டுவந்து பலகையோரம் இரு கரையிலும் குத்தினாள். என் மண்ணிறச் சீலை, நாகேஸின் பச்சைச் சீலை, இன்னும் இரண்டு, எல்லாம் பிரேக்கில் கீழே விரிக்கிற பழைய சீலைகள். இழுத்துக் கட்ட, பலகைக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு மறைப்பு வந்துவிட்டது.

"பொஸ்ஸும் ஆம்பிளைதானே, அவரை என்ன செய்யிறது?" என்றாள் நாகேஸ்.

"அவர் டொக்ரர்" என்றேன். எல்லாரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். நான் பகிடி விட்டதை அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோவா கை மாறிக்கொண்டே இருந்தது. சீலைகள் சேருகிற இடத்தில் ஒரு சின்ன நீக்கல். அந்த இடத்தில் நிற்கிறவள் கொஞ்சம் பார்ப்பாள், பிறகு அடுத்தவளுக்கு இடம் விடுவாள். நான் நின்ற முறையில்தான் அது நடந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நின்றன. இரண்டு வாயும் திறந்தன. உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம். தண்ணீரில் தேங்காய்ப் பால் ஊற்றியது போல ஒரு வெள்ளைப் புகை எழும்பி, கல்லுக்குள் இறங்கி மறைந்தது. அவ்வளவுதான். பிறகு அவள் வாலை மெதுவாக ஆட்டி, சின்னச் சின்னக் கல்லாகத் தள்ளி மூடத் தொடங்கினாள். பிள்ளைக்குப் போர்வை இழுத்து விடுகிற அதே பதம்.

என் கையில் கோவா அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நின்றவள் குத்தினாள். "என்னக்கா?"

"பெத்திட்டாள்."

வரிசை முழுக்க அந்தச் சொல் கோவாவை விட வேகமாகக் கை மாறியது. கரையில் படுத்திருந்த ஹென்றி யோகனின் தோளைப் பிடித்து உலுக்கினார். அக்கரையில் ஒருத்தி குரவை போட வாயில் கை வைத்துவிட்டாள், நாகேஸ் பாய்ந்து பொத்தினாள்.

இருட்டும்போது கொஞ்சப் பெட்டி அக்கரையிலேயே நின்றுவிட்டது. ஹென்றி அதைப் பொருட்படுத்தாமல் ஆளுக்கு இரண்டு கோவா தந்தார். வானில் வரும்போது யோகன் சொன்னார், "நாளைக்கு ஆரும் வேலை எப்பிடிப் போச்செண்டு கேட்டால், மருத்துவிச்சி வேலை பாத்தனான் எண்டுதான் சொல்லப்போறன்."

பனி கரைந்த பிறகு

அடுத்த வருடம் வேலை தொடங்கியபோது அந்த இடத்தில் ட்ரக்டர் போக மரப்பாலம் ஒன்று போட்டிருந்தார்கள். நான் பூட்ஸ்கூடப் போடாமல் கரைக்குப் போனேன். ஓரத்தில், தண்ணீர் ஓடாமல் நிற்கிற இடத்தில், முதலில் நிழல்தான் தெரிந்தது. பிறகு கண். இரண்டு கண்ணும் ஒரு நூல் வாலும், அதுதான் மீன். ஒன்றைப் பார்த்த பிறகு எல்லா இடத்திலும் தெரிந்தன.

"எல்லாரும் ஓடிவாங்கோடி!" என்று நான் போட்ட சத்தத்தில் ஹென்றி கொட்டிலுக்குள் இருந்து வெளியே வந்துவிட்டார்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்க்காமல் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். வேலையிடத்தில் ஒன்று பிழையாகப் போகிறதென்று கண்டால் சொல்லுங்கள். என்னைப்போல வாய் வராத ஆளென்றால், பாதையில் போய் நில்லுங்கள். அதற்கு இங்கிலீசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

குஞ்சுகளைக் கண்ட அன்றைக்கு யோகன் தம்பி, "பிரேக் இன்னும் தொடங்கேல்லை அன்ரிமார், எழும்புங்கோ" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். யாரும் எழும்பவில்லை. நாகேஸ் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், "முப்பத்தொண்டாம் நாள் துடக்கு எப்பவோ முடிஞ்சுது தம்பி. பிள்ளையளுக்குப் பேர் வைச்சுக்கொண்டு இருக்கிறம். நீரும் ஒண்டைச் சொல்லும்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு ஜக்கெற்றைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு, "தள்ளுங்கோ, எனக்கொண்டும் தெரியேல்லை" என்றார்.